மறுபேச்சு இல்லாத வீடு

நமது பகுதியில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பெண்ணைப் பற்றிக் கொண்டுவரும் நற்சான்றுகளுள் தவறாமல் இடம்பெறுவது ஒன்றுண்டு: "மறுபேச்சுப் பேசாத பிள்ளை." ஓதல், படிப்பு, சமையல், நிறம் என்பவற்றோடு இதுவும் ஒரு தகைமையாக எண்ணப்படுகிறது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. என்ன தொழில், தொழுகையாளியா, வெளிநாடு போகும் எண்ணம் உண்டா என்றெல்லாம் விசாரிப்போம். தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் வந்தால் அவர் என்ன செய்வார் என்று விசாரிக்கமாட்டோம். என்னைக் கேட்டால், ஒரு பெண்ணின் வாப்பா முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

மறுபேச்சு என்ற சொல்லை நாம் சண்டை என்ற பொருளிலேயே புழங்கி வந்திருக்கிறோம். பெரியவர்களுக்கு முன்னால் வாய் காட்டுவது, அடங்காமை, மரியாதையீனம் என்பனவெல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஆனால் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஒரு பேச்சுக்கு மறுபக்கத்திலிருந்து வரும் பேச்சு, அவ்வளவுதான். மறுபேச்சு இல்லாத பேச்சு எது? பயான், அறிவித்தல், கட்டளை. இவை மூன்றும் அவற்றுக்குரிய இடங்களில் தேவையானவைதான். ஆனால் இரண்டு பேர் முப்பது நாற்பது வருடங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு இம்மூன்றும் போதுமா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் அறுபதைத் தாண்டியவர், கண்ணியமான மனிதர், மனைவியைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதை அயலவர் கேட்டதில்லை. அவருக்குக் கீரி மீன் என்றால் உயிர். கிடைக்கும் காலமெல்லாம் வாங்கி வருவார். மனைவி கழுவி, அரிந்து, ஆணம் காய்ச்சிக் கொடுப்பார். ஒரு நாள் பேத்திப்பிள்ளை விளையாட்டாக, "உங்களுக்குப் புடிச்ச மீன் என்ன?" என்று மூத்தம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "எந்த மீனெண்டாலும் சரி புள்ள, கீரி மட்டும் ஒத்து வராது. அந்த மணத்துக்கே எனக்குப் பிரட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த கணவர் திகைத்துப் போனார். ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கல்லயே" என்பது பதில். அதைப் பின்னர் என்னிடம் சொன்னபோது அம்மனிதர் கோபப்படவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரோட இருந்து சாப்பிட்டன்?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் கொடுமை எதுவும் இருக்கவில்லை. அன்பும் இருந்தது. இல்லாதிருந்தது மறுபேச்சு ஒன்றுதான். அது இல்லாததனால் மனைவி தன் விருப்பத்தை இழந்தார் என்பது ஒரு பாதி உண்மை. மனைவி யாரென்று அறியும் வாய்ப்பைக் கணவர் இழந்தார் என்பது மறுபாதி. நம்மோடு எல்லாவற்றுக்கும் உடன்படுகின்ற ஒருவரை நாம் அறிய முடியாது. சுவரில் கை வைத்தால்தான் சுவர் இருப்பது தெரியும். எங்கே அவர் 'இல்லை' என்கிறாரோ அங்கேதான் அவர் தொடங்குகிறார்.

நமது பெரியவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "விட்டுக்கொடுத்துப் போனால்தான் குடும்பம்" என்பது அது. மணமேடையில், பெண் அழைத்துச் செல்லப்படும்போது, முதல் மனஸ்தாபம் வரும்போது, காதி முன்னிலையில் என எல்லா இடங்களிலும் சொல்லப்படும் வார்த்தை இது. நான் இதை மறுக்கவில்லை. விட்டுக்கொடுத்தல் இல்லாமல் எந்த உறவும் ஒரு பெருநாளைத் தாண்டாது. ஆனால் இந்த நல்ல வார்த்தைக்குள் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அது அவர் கையில் இருக்க வேண்டும். தன்னிடம் இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. வைத்திருக்கவும் மறுக்கவும் உரிமையுள்ள ஒருவர் விட்டுத்தருவதுதான் கொடை. வேறு வழியில்லாதவர் விட்டுத்தருவதைக் கொடை என்று சொல்வது அந்தச் சொல்லுக்கே செய்யும் அநியாயம். அதற்குச் சரியான பெயர் கப்பம்.

ஆகவே கொடுக்கல் வாங்கல் என்பது மறுபேச்சுக்கு எதிரானதல்ல. மறுபேச்சு இருக்கும் இடத்தில்தான் கொடுக்கல் வாங்கலே ஆரம்பிக்கிறது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஒருவர் 'சரி, உங்களுக்காக' என்று சொல்லும்போது அந்தச் 'சரி'க்கு ஒரு எடை உண்டு. எப்போதும் சரி சொல்பவரின் சரிக்கு அந்த எடை கிடையாது.

*

இந்த விடயத்தில் நமது ஆரம்ப வரலாறு நாம் நினைப்பதைவிடத் துணிச்சலானது. உமர் (றழி) அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்ன ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. மக்காவில் குறைஷிகள் பெண்களை அடக்கி வைத்திருந்த கூட்டம். ஹிஜ்ரத்தின் பின் மதீனாவுக்கு வந்தபோது அன்ஸாரிகளின் வீடுகளில் பெண்களின் கை ஓங்கியிருப்பதைக் கண்டார்கள். குறைஷிப் பெண்களும் அதைப் பார்த்துப் பழகத் தொடங்கினர். ஒரு நாள் உமர் (றழி) மனைவியிடம் சத்தமிட்டபோது மனைவி திருப்பிப் பேசினார். உமருக்கு அது பிடிக்கவில்லை. மனைவியோ, நான் பதில் பேசுவதை ஏன் குற்றமாக எடுக்கிறீர்கள், நபியவர்களின் மனைவியரும் அவர்களுக்குப் பதில் பேசுகிறார்களே, சில வேளை பகல் முழுக்கப் பேசாமலும் இருந்துவிடுகிறார்களே என்றார். உமர் பதறிப்போய், நபியவர்களின் மனைவியருள் ஒருவரான தம் மகள் ஹப்ஸாவிடம் ஓடினார். அது உண்மைதான் என்று அறிந்தார். பின்னர் நபிகளாரிடம் தமது இந்தக் கதையைச் சொன்னபோது நபிகளார் புன்னகை செய்தார்கள் என்று அந்த அறிவிப்புச் சொல்கிறது.

இச்சம்பவத்தில் என்னை ஈர்ப்பவை இரண்டு. முதலாவது, பெண் பதில் பேசுவதும் பேசாததும் ஊர் வழக்கத்தோடு தொடர்புடையவை என்பதை உமர் (றழி) அவர்களே கண்டுகொண்டார்கள். மக்காவில் ஒன்று, மதீனாவில் வேறொன்று. நாம் மார்க்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பல பழக்கங்கள் ஏதோ ஓர் ஊரின் வழமைகள்தாம். இரண்டாவது, அந்தப் புன்னகை. அதற்கு நான் பெரிய விளக்கம் சொல்லப் போவதில்லை. கண்டிக்கக்கூடிய இடத்தில் அவர்கள் கண்டிக்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

ஆயிஷா (றழி) அவர்களோடு நபிகளார் ஓட்டப்போட்டி வைத்த சம்பவத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். முதல் தடவை ஆயிஷா வென்றார். காலம் சென்று, அவருக்கு உடல் கனத்த பின் மீண்டும் ஓடியபோது நபிகளார் வென்று, இது அதற்குப் பதில் என்ற கருத்தில் ஒன்று சொன்னார்கள். பயான்களில் இது மனைவியோடு விளையாடுவதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அது போட்டி. விட்டுத்தந்து தோற்ற ஓட்டமாக அறிவிப்பில் அது சொல்லப்படவில்லை. வருடங்கள் கழிந்தும் முதல் ஓட்டத்தின் கணக்கு இருவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. ஒரு தாம்பத்தியத்தில் இத்தகைய கணக்கு நினைவில் இருப்பது எவ்வளவு அழகானது! நமது வீடுகளில் நினைவிருப்பவை வேறு கணக்குகள்.

ஆயிஷா கோபமாக இருக்கும் நாட்களை அவர் எந்தப் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்கிறார் என்பதிலிருந்தே நபிகளார் அறிந்துகொள்வார்கள். மகிழ்ச்சியாக இருந்தால் முஹம்மதின் இறைவன் மீது என்பார், மனஸ்தாபமென்றால் இப்றாஹீமின் இறைவன் மீது என்பார். அவர்கள் இதை எடுத்துச் சொன்னபோது, உண்மைதான், உங்கள் பெயரை மட்டுமே நான் விட்டுவிடுகிறேன் என்றார் ஆயிஷா. கீரி மீன் கணவருக்குக் கிடைக்காமல் போனது இந்த அறிதல்தான். மனைவி கோபத்தைக் காட்ட இடமிருந்தது, கணவர் அதைக் கவனித்தார், கவனித்ததைச் சொன்னார், மனைவி அதற்கும் ஒரு பதில் சொன்னார்.

இவை வீட்டுக்குள் நடந்த மென்மையான விடயங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பெரிய விடயத்துக்கும் சான்று இருக்கிறது. கி.பி. 628இல் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்ட பின், பலிப்பிராணிகளை அறுத்து முடி களையுமாறு நபிகளார் சொன்னபோது மனமுடைந்திருந்த தோழர்கள் எழுந்திருக்கவில்லை. அப்போது உம்மு ஸலமா (றழி) ஓர் ஆலோசனை சொன்னார்: யாரோடும் பேசாமல் வெளியே போய் நீங்களே உங்கள் பிராணியை அறுத்து முடியைக் களையுங்கள். அவ்வாறே செய்தார்கள். தோழர்களும் பின்தொடர்ந்தனர். ஒரு சமூகத்தின் தலைவர் நெருக்கடியான பொழுதில் மனைவியின் கருத்தால் தம் அடுத்த அடியைத் தீர்மானித்தார். இன்னொரு பெண், கவ்லா பின்த் தஃலபா, கணவர் தன்னைத் தாய்க்கு ஒப்பிட்டு ஒதுக்கியபோது நபிகளாரிடமே வந்து வாதிட்டார். அவருடைய வாதத்தை முன்னிட்டு இறங்கிய 58ஆவது அத்தியாயத்துக்குப் பெயர் அல் முஜாதலா. தர்க்கித்தல் என்பது அதன் பொருள். தர்க்கிப்பவள் என்று வாசிப்போரும் உள்ளனர். பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்தாலோசித்து, இருவரும் பொருந்திக்கொண்டு செய்யுமாறு அல் பகறாவின் 233ஆவது வசனம் கூறுகிறது. பால்குடி மறப்பதற்கே ஆலோசனை வேண்டுமென்றால் வீடு, காணி, பிள்ளையின் படிப்பு என்பவற்றுக்கு?

*

என் உம்மாவும் வாப்பாவும் தர்க்கிப்பவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தர்க்கம் பெரும்போக அறுவடைக்குப் பின் தொடங்கி அடுத்த விதைப்பு வரைக்கும் நீடித்தது. உம்மாவின் பெயரில் இரண்டரை ஏக்கர் வயல் இருந்தது. அதை விற்றுத் தம்பியோடு சேர்ந்து ஒரு புடவைக்கடை போட வேண்டும் என்பது வாப்பாவின் திட்டம். "கடை நட்டப்பட்டா வயல் திரும்பி வருமா?" என்பது உம்மாவின் கேள்வி. "வயல் நட்டப்பட்ட வருசங்கள எண்ணிப் பாத்தயா புள்ள?" என்பது வாப்பாவின் பதில். வெள்ளம் வந்த வருடங்களை இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். இடையில் இரண்டு மூன்று நாள் பேச்சு நின்றும் போனது. அப்போதெல்லாம் நாங்கள்தான் தூதுவர்கள். கடைசியில் வயலை விற்கவில்லை. நான்கு போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்து அந்தக் காசைக் கடைக்கு முதலாகப் போட்டார்கள். வாப்பாவின் பங்கில் சரிபாதி உம்மாவின் பெயரில் எழுதப்பட்டது.

இந்த முடிவு வாப்பாவின் மனதிலும் இருக்கவில்லை, உம்மாவின் மனதிலும் இருக்கவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றிருந்தால் இது பிறந்திருக்காது. சவாலின் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அது வெற்றி தோல்விக்கு அப்பால் மூன்றாவதொரு வழியைக் காட்டும். தனியே இருந்து யோசிப்பவருக்கு அந்த வழி தென்படாது.

அம்பு எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே பறந்ததில்லை. ராத்தா சாதாரண தரம் எழுதி முடித்ததும் கலியாணம் பேச வேண்டும் என்று நின்றவர் உம்மா. உயர்தரம் படிக்கட்டும் என்று எதிர்த்தவர் வாப்பா. உம்மாவின் வாதத்திலும் நியாயம் இருந்தது. "படிக்க வைக்கிறது சரி, வீடு கட்டுறது ஆரு?" என்று கேட்டார். முடிவில் ராத்தா படித்தார். அந்த இரண்டு வருடத்துக்குள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட வேண்டும் என்ற உம்மாவின் நிபந்தனையை வாப்பா ஏற்றார். ராத்தா பின்னர் ஆசிரியையானார். எங்கள் வீடு சத்தமான வீடு என்று அயலில் பெயர் இருந்தது. ஆனால் வாப்பாவும் உம்மாவும் ஒருவருக்கொருவர் அலுத்துப் போனதை நான் பார்த்ததில்லை. மற்றவர் அடுத்து என்ன சொல்வார் என்று அறியும் ஆவல் கடைசி வரை இருவரிடமும் இருந்தது.

தமிழ் மரபு இந்த ஆவலை நன்கறிந்திருந்தது. சங்க இலக்கியம் மருதத் திணைக்கு ஊடலை உரிப்பொருளாக்கியது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. அறத்தில் தொடங்கி அரசியல் வழியே வந்த அந்நூல் 'ஊடலுவகை' என்ற 133ஆவது அதிகாரத்தில்தான் நிறைவு பெறுகிறது. ஊடலை உப்போடு ஒப்பிட்டு அதன் அளவையும் வள்ளுவர் சொல்லிவிடுகிறார். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்றும் சொல்கிறார். நமது கிழக்கிலங்கை நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் சீண்டுவதையும் மடக்குவதையும் நாம் அறிவோம். மச்சான் ஒன்று சொன்னால் மச்சி ஒன்றரை சொல்வாள். வயல் வரப்பில் கவிக்கு எதிர்க்கவி கட்டிய அதே பெண் நிக்காஹ் முடிந்த மறுநாளிலிருந்து மறுபேச்சுப் பேசாதவளாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது விசித்திரமானது.

*

இதுவரை சொன்னது மனப்பாங்கு பற்றியது. ஆனால் மனப்பாங்கு மட்டும் போதாது. தர்க்கிப்பதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். உம்மாவின் மறுபேச்சுக்கு அவருடைய நாவன்மை மட்டும் காரணமல்ல. வயல் அவருடையது. வீடும் அவருடையது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வதே வழக்கம். பெண்ணின் பெற்றோர் அவளுக்கென்று வீடு கட்டுவார்கள், அல்லது தாம் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு அருகில் வேறு வீட்டுக்கு மாறுவார்கள். தாய்வழிக் குடி முறையோடு இணைந்த இந்த வழக்கத்தை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். இதனால் ஒரு மனஸ்தாபம் வந்தால் வெளியே போக வேண்டியவர் கணவராகவே இருப்பார். தாய், சகோதரிகள், சாச்சிமார் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். இந்த ஏற்பாடு பெண்ணின் குரலுக்கு ஒரு பலத்தைக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. அன்ஸாரிப் பெண்களைப் பற்றி உமர் (றழி) கண்டதை நமது ஊர்களிலும் ஓரளவு காணலாம்.

ஆனால் இந்த வழக்கத்தைக் கொண்டாடிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அந்த வீட்டைக் கட்டுவதற்காக வாப்பா கடனாளியாகிறார். காக்காமார் வளைகுடாவில் இளமையைத் தொலைக்கிறார்கள். வீட்டுக்கு மேல் கைக்கூலி என்றும் கேட்கப்படுகிறது. மார்க்கம் சொல்லும் மஹர் ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது. அது பல இடங்களில் பெயரளவுத் தொகையாகப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. கைக்கூலியோ இலட்சக் கணக்கில் மறுதிசையில் பாய்கிறது. இதைக் கொடுக்கல் வாங்கல் என்று சொல்ல முடியாது. ஒருவர் வாங்கிக்கொண்டே வருகிறார், மற்றவர் கொடுத்துக்கொண்டே வருகிறார். தான் விலை கொடுத்து வாங்கப்பட்டவன் என்ற எண்ணம் மாப்பிள்ளைக்கும் கௌரவமானதல்ல. அந்தத் தாழ்வு மனமே பிற்பாடு அதட்டலாக வெளிப்படுவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

அந்த வீடும் எவ்வளவு எளிதில் கைமாறக்கூடியது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று நமது கரையோரத்தைக் கடல் அள்ளிச் சென்றபோது இடிந்தவற்றில் பெரும்பாலானவை பெண்களின் வீடுகள். தாய் மகளுக்குக் கொடுத்தவை. ஆனால் அதற்குப் பதிலாக வீடு வழங்க வந்தவர்களின் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. இவ்வாறு பல வீடுகளின் உரிமை ஆணின் பெயருக்கு மாறியது. பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே சுட்டிக்காட்டின. இழந்தது சீமெந்தும் ஓடும் மட்டுமல்ல. எதிர்ச்சொல் சொல்லும்போது கால் ஊன்றி நின்ற நிலமும் ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் போய்விட்டது. தன் பெயரிலிருந்த வீட்டில் இருந்துகொண்டு 'இது எனக்குச் சம்மதமில்லை' என்று சொல்வதற்கும், கணவரின் பெயரிலுள்ள வீட்டில் இருந்துகொண்டு அதையே சொல்வதற்கும் உள்ள தூரத்தை அப்பெண்கள் அறிவார்கள்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தை அது கோரவில்லை. மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலி ஒப்பமிடுவார். எந்த இருவருக்கிடையில் உடன்படிக்கையோ அவர்களில் ஒருவரின் எழுத்து அந்தத் தாளில் இல்லை. இச்சட்டத்தைச் சீர்திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது அதன் அங்கத்தவர்களே இரு அணியாகப் பிரிந்திருந்தனர். அந்த விவாதத்துக்குள் இங்கு நான் முழுமையாக நுழையவில்லை. என் கேள்வி சிறியது. முதல் நாளில் 'ஆம்' என்று எழுதும் இடமே ஒருவருக்கு இல்லையென்றால், பின்னொரு நாளில் 'இல்லை' என்று சொல்லும் இடம் அவருக்கு எங்கிருந்து வரும்?

பலம் உள்ளவரே அதை இறக்கி வைத்த ஓர் உதாரணம் எனக்குப் பிடித்தமானது. ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் ஸ்டுவர்ட் மில் 1851இல் ஹரியட் டெய்லரைத் திருமணம் செய்தார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் சொத்தும் சுதந்திரமும் கணவனின் கைக்குப் போய்விடும். திருமணத்துக்கு முன்பு, மார்ச் 6ஆம் திகதி, அந்த அதிகாரங்களைத் தான் ஏற்கவில்லை என்றும், அவற்றை ஒருபோதும் பயன்படுத்தமாட்டேன் என்றும் மில் எழுதி வைத்தார். இருவரும் அதற்கு முன்பே இருபது வருடங்களாகச் சிந்தனைகளைப் பரிமாறி வந்தவர்கள். ஹரியட் 1858இல் காலமானார். அடுத்த வருடம் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்ற நூலை மில் அவருக்கே சமர்ப்பித்தார். 1869இல் வந்த பெண்களின் அடிமைநிலை பற்றிய நூலில், சமமான இருவரின் மணவாழ்வில் ஒருவர் மாறி ஒருவர் வழிகாட்டுவதும் வழிகாட்டப்படுவதுமான இன்பம் கிடைக்கிறது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். மில்லின் பெருந்தன்மையை மட்டும் நான் இதில் காணவில்லை. தன் சுயநலத்தையும் அவர் சரியாகக் கணித்திருந்தார். சட்டம் தந்த பலத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ஹரியட்டின் உண்மையான எதிர்க்கருத்து தனக்குக் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். சவால் என்ற பெயரில் எல்லா வாய்ச்சண்டையையும் நியாயப்படுத்த முடியாது. அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் தம்பதியர் முரண்படும் விதத்தைப் பல்லாண்டுகள் அவதானித்தவர். முரண்பாட்டைவிட அதில் கலக்கும் இகழ்ச்சியே மணவாழ்வை அரிக்கிறது என்பது அவரது முக்கியமான முடிவுகளில் ஒன்று. புதுமணத் தம்பதியர் பற்றி அவரும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மனைவியின் கருத்தால் அசைய மறுக்கும் கணவர்களின் மணவாழ்வே முறியும் வாய்ப்பு அதிகமுள்ளது என்று காட்டியது. நமது அனுபவமும் இதற்குத் தூரமானதல்ல. 'நீங்கள் சொல்வது பிழை' என்பது ஒரு வாதம். 'உங்கட குடும்பமே அப்படித்தானே' என்பது வாதமல்ல, கல். முதலாவதில் மற்றவர் பதில் சொல்ல இடமிருக்கிறது. இரண்டாவது அந்த இடத்தை மூடிவிடுகிறது.

பயம் இருக்கும் வீட்டில் இந்தக் கட்டுரை சொல்லும் எதுவும் செல்லுபடியாகாது. கை ஓங்கப்படும் வீட்டில் ஒரு பெண்ணிடம் போய் 'நீ சவால் விடு' என்பது பொறுப்பற்ற அறிவுரை. 'விட்டுக்கொடு' என்பது அதைவிடப் பொறுப்பற்றது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 'பொறுமை' என்ற சொல்லையும் இவ்விடத்தில் கவனமாகப் பாவிக்க வேண்டும். சோதனையில் நிலைகுலையாதிருப்பதே ஸப்ர். அநியாயம் செய்பவருக்கு வசதி செய்துகொடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மறுபேச்சைத் தாங்குவதும் ஒரு பயிற்சி என்பதே நான் வந்தடையும் இடம். அது யாருக்கும் பிறவியில் வருவதில்லை. உமர் (றழி) போன்ற ஒருவருக்கே முதலில் பிடிக்கவில்லை, பிறகுதான் பழகிக்கொண்டார்கள். நாம் பெண்பிள்ளைகளுக்கு எப்படி விட்டுக்கொடுப்பது என்று பத்து வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறோம். ஆண்பிள்ளைகளுக்கு 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு முகம் சுருங்காமல் இருக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. தங்கச்சி கேள்வி கேட்டால் அதட்டும் மகனைப் பார்த்து, ஆண்பிள்ளை என்று சிரித்துவிடுகிறோம். அவனே பின்னொரு நாள் மாப்பிள்ளையாகி இன்னொரு வீட்டுக்குப் போகிறான், தனக்குப் பிடித்த மீனை வாங்கிக்கொண்டு.

"இரண்டு கையும் தட்டினாத்தான் சத்தம்" என்று பிணக்குத் தீர்க்க வருபவர்கள் சொல்வார்கள். ஒரு கையை எடுத்துக்கொள் என்று பெண்ணுக்குச் சொல்வதற்காகவே பெரும்பாலும் அது சொல்லப்படுகிறது. ஆனால் கவி பாடும்போது தாளம் போடுவதும் இரண்டு கைகளால்தான். ஒரு கையை எடுத்துவிட்டால் சண்டை நிற்கும் என்பது உண்மை. தாளமும் நின்றுவிடும். எந்தச் சத்தம் நமது வீடுகளில் கேட்க வேண்டும் என்பதைக் கைகளை எடுக்கச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். அடுத்த முறை சம்பந்தம் பேசப் போகும்போது, மாப்பிள்ளை எதிர்ச்சொல்லைத் தாங்கக்கூடியவரா என்றும் ஒரு வார்த்தை விசாரித்து வரலாம்.